நைட்ரேட்டுக்குப் பூர்வீகம் கிடையாது

போன வருஷம் பிப்ரவரி கடைசியில் அம்மா எங்களோடு இருந்தார். எங்களுக்குப் பெண் பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் இருப்பது நெதர்லாந்தின் தெற்கே, நார்த் பிரபாண்ட் மாகாணத்தில், ஐந்தோவன் நகரத்தை விட்டுச் சைக்கிளில் இருபது நிமிடம் தள்ளி. மழை விட்ட ஒரு மத்தியானம் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்தோம். வீடுகள் முடிந்து புல்வெளி ஆரம்பிக்கும் இடத்தில் அம்மா நின்றுவிட்டார்.

“கண்ணு, நம்ம கட்டுத்தரை வாசமாட்ட இருக்குது.”

இருந்தது. ஆனால் நம் கட்டுத்தரையை நூறால் பெருக்கினால் வருகிற வாசம். தூரத்தில் ஒரு டிராக்டர், அதன் பின்னால் தண்ணி லாரி அளவுக்கு ஒரு டேங்கர், டேங்கருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரிந்த இரும்புக் கை. அதில் வரிசையாக வட்டத் தட்டுகள். அவை புல்லைக் கீறிக்கொண்டே போக, கீறலுக்குள் கறுப்பாகச் சாணிக் குழம்பு இறங்கியது. ஒரு டேங்கர் காலியானதும் அடுத்தது வந்தது. அப்புறம் இன்னொன்று. அம்மா குளிரில் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மூன்று டேங்கர்களையும் பார்த்தார். ஊரில் எங்கள் காட்டுக்குக் குப்பை அடிப்பதென்றால் சித்திரையில் நாலு வண்டி. அதையும் கூடை கூடையாக அளந்து கொட்டுவார்கள்.

“இந்தக் காட்டுக்கு எதுக்கு கண்ணு இத்தனை? வெறும் புல்லுதானே?”

அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில். கூடவே ஒரு சண்டையும் இருக்கிறது. அது டச்சு விவசாயிகளோடு இல்லை, பெரும்பாலும் நம்மாட்களோடுதான்.

நம்மிடம் ஒரு வாக்கியம் ரொம்ப வருஷமாகச் சுற்றுகிறது. ரசாயன உரம் நஞ்சு, சாணி அமுதம். முகநூலில் எழுதுகிறவர், புத்தகக் காட்சியில் பேசுகிறவர், வேலையை விட்டுவிட்டு மூன்று ஏக்கர் வாங்கிய என் பழைய டீம் லீட், எல்லாருக்கும் இது கேள்வி கேட்காமல் ஒப்புக்கொண்ட உண்மை. இதைச் சொல்கிறவர்கள் நல்லவர்கள் என்பதுதான் சிக்கல். நல்லவர்கள் சொல்லும் தப்பைத் திருத்துவது சங்கடம், எனவே யாரும் திருத்துவதில்லை. நான் வாழும் மாகாணத்தின் மண்ணுக்கு அடியில் இருக்கும் தண்ணீரை இத்தனை வருஷம் கெடுத்ததில் பெரிய பங்கு சாணிக்கும் மூத்திரத்துக்கும். சுத்தமான, நூறு சதவீத இயற்கையான சாணி.

எப்படி என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். பள்ளி வேதியியல் போதும்.

மாடு தின்னும் புரதத்தில் நைட்ரஜன் இருக்கிறது. அதில் ஏறக்குறைய கால் பங்குதான் பாலாகிறது. மிச்சம் பின்பக்கம் வழியாக வந்துவிடும். வருஷத்துக்கு ஒன்பதாயிரம் லிட்டர் பால் தரும் ஒரு டச்சு மாடு நூறு கிலோவுக்கும் மேல் நைட்ரஜனைச் சாணியிலும் மூத்திரத்திலும் வெளியேற்றுகிறது. மூத்திரத்தில் இருப்பது யூரியா. ஆமாம், மூட்டையில் வாங்குகிறோமே, அதே யூரியா. மூலக்கூறில் ஓர் அணு வித்தியாசம் கிடையாது. மண்ணில் அது அமோனியமாகிறது. பிறகு பாக்டீரியாக்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. அமோனியத்துக்கு நேர்மின்னூட்டம், களிமண்ணுக்கும் மட்குக்கும் எதிர்மின்னூட்டம். அதனால் மண் அமோனியத்தைப் பிடித்துக்கொள்கிறது. நைட்ரேட்டுக்கோ எதிர்மின்னூட்டம். மண் அதைப் பிடிக்காது. வேர் குடித்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த மழையோடு கீழே போய்விடும். கீழே போகிற நைட்ரேட் தான் ஆர்கானிக் வம்சத்தில் வந்ததா, தொழிற்சாலையில் பிறந்ததா என்று யாரிடமும் சொல்லாது. அதற்குப் பூர்வீகம் கிடையாது.

சாணிக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. அது மண்ணுக்கு மட்கு தருகிறது, மண்புழுவுக்குச் சாப்பாடு போடுகிறது, மண்ணைப் பொலபொலவென்று வைக்கிறது. மூட்டை உரத்தால் இது எதுவும் முடியாது. ஆனால் நிலத்தடி நீர் என்ற ஒரே கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டால், சாணிக்கு மூட்டை உரத்திடம் இல்லாத ஒரு கெட்ட குணம் உண்டு. அது கேட்காத நேரத்திலும் கொடுக்கும். மூட்டை உரத்தைப் பயிர் பசியோடு இருக்கும் வாரத்தில் அளந்து போடலாம். சாணியின் நைட்ரஜனில் ஒரு பகுதி உயிர்மப் பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கும். மண் சூடாக இருக்கிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்துகொண்டே இருக்கும். இங்கே செப்டம்பர், அக்டோபரில் புல் வளர்ச்சி படுத்துவிடும், மண் இன்னும் குளிராது. குடிக்க ஆளில்லாத நைட்ரேட் சேரும். நவம்பரிலிருந்து மழை. அப்புறம் என்ன, நேராகக் கீழே.

“புல் எல்லாவற்றையும் தின்றுவிடுமே?” இதுதான் இந்த நாடு இருபது வருஷமாக ஐரோப்பாவிடம் சொன்ன வாதம். அதில் உண்மை இருக்கிறது. சோளம், உருளைக்கிழங்கைவிடப் புல் நைட்ரஜனை ஒழுகவிடாமல் பிடிப்பதில் கெட்டி. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வேர் உயிரோடு இருக்கும், நிலம் வெறுமையாகக் கிடக்காது. நன்றாகப் பராமரிக்கும் புல்வெளி ஹெக்டேருக்கு 300 கிலோ நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். களிமண் நிலத்திலும், நீர்மட்டம் மேலே நிற்கும் கரிச்சதுப்பு நிலத்திலும் இன்னொரு பாதுகாப்பு: ஆக்ஸிஜன் இல்லாத ஈரத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை மறுபடி வாயுவாக்கிக் காற்றுக்கு அனுப்பிவிடும்.

பிரபாண்ட் மணல். நீர்மட்டம் ஆழம். அந்த இரண்டாவது பாதுகாப்பு இங்கே பல இடங்களில் பலவீனம்.

முதல் பாதுகாப்பான புல்லுக்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. மேயும் மாடு ஒரு இடத்தில் மூத்திரம் போனால், அரை சதுர மீட்டருக்கும் குறைவான அந்தத் திட்டில் விழும் நைட்ரஜனை ஹெக்டேர் கணக்கில் சொன்னால் 500 முதல் 1000 கிலோ வரை வரும். எந்தப் புல்லாலும் அவ்வளவைக் குடிக்க முடியாது. ‘சராசரி’ என்ற சொல் இந்தத் திட்டுகளை மறைத்துவிடும். சராசரியைப் பார்த்து ஏமாந்து சர்வரைக் கவிழ்த்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். பழைய புல்வெளியைப் புதுப்பிக்க உழுதால், வருஷக்கணக்காகச் சேர்ந்த மட்கு ஒரே சீசனில் அவிழும். மழை பெய்யாவிட்டால் புல் வளராது, வளராத புல் எதையும் குடிக்காது. 2018 கோடை இங்கே வறட்சி. புல் பழுப்பாகிவிட்டது. போட்ட எரு மண்ணிலேயே கிடந்தது. குளிர்கால மழை அதைக் கீழே தள்ளியது. மெல்ல இறங்கிக்கொண்டிருந்த நைட்ரேட் அளவுகள் மணல் பகுதியில் அடுத்தடுத்த வருஷங்களில் மறுபடி ஏறின. காலநிலை மாற்றத்தில் இனி இப்படிப்பட்ட கோடைகள் வரும் என்று தெரிந்துகொண்டே, மழை ஒழுங்காகப் பெய்யும் என்ற நம்பிக்கையில் எரு அளவைக் கணக்குப் போடுவதற்கு என் துறையில் கெட்ட வார்த்தைதான் பெயர்.

இனிச் சட்டம். வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சட்டத்தை விடச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் கேள்விதான் முக்கியம். 1991இல் ஐரோப்பாவில் நைட்ரேட் உத்தரவு வந்தது. நிலத்தடி நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டைத் தாண்டக் கூடாது. நைட்ரேட் ஆபத்துள்ள பகுதிகளில் ஹெக்டேருக்கு வருஷம் 170 கிலோவுக்கு மேல் கால்நடை எருவின் நைட்ரஜனைப் போடக் கூடாது. நெதர்லாந்து 1998இல் மினாஸ் என்று ஒரு கணக்குமுறையைக் கொண்டுவந்தது. பண்ணைக்குள் எவ்வளவு சத்து வந்தது, எவ்வளவு பாலும் கறியுமாக வெளியே போனது, மிச்சம் அளவுக்கு மேல் இருந்தால் கட்டணம். 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் இது போதாது என்று தீர்ப்பளித்தது. 2006 முதல் நேரடி உச்சவரம்பு, கூடவே ஒரு விலக்கு: நிலத்தில் பெரும்பகுதி புல்லாக இருந்தால் 170க்குப் பதில் 250 போடலாம். பிற்பாடு தெற்கு, நடுப்பகுதி மணல் நிலங்களுக்கு மட்டும் அதை 230 ஆக்கினார்கள். 2022 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் இந்த விலக்கைப் படிப்படியாகக் குறைத்து 2026இல் 170க்குக் கொண்டுவர முடிவெடுத்தது.

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பால்பண்ணை இருக்கிறது. ரோட்டோரம் பால் மெஷின் வைத்திருப்பார்கள். நாணயத்தைப் போட்டுப் பாட்டிலை வைத்தால் பால் வரும். அம்மா தயிர் உறைக்க அங்கே வாங்கச் சொல்லுவார், அப்படித்தான் பண்ணைக்காரர் பழக்கம். அறுபதை நெருங்கும் மனிதர். விலக்கு போகிற விஷயம் பேச்சில் வந்ததும் கொதித்துவிட்டார்.

“என் மாட்டுச் சாணியை நானே காசு கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பணும். அதே வாரம் என் புல்லுக்குக் கெமிக்கல் உரம் காசு கொடுத்து வாங்கணும். இதுக்குப் பேர் சுற்றுச்சூழலா?”

அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சாணியை எடுத்துப்போகச் சொல்லிக் காசு கொடுக்கிறார் என்பதை அவர் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். நம் ஊரில் ஒரு டிப்பர் எருவுக்கு விலை பேசிக் கை ஓய்ந்துபோகும்.

பண்ணைக்காரர் சொல்வது பொய் இல்லை. எருவுக்கான வரம்பு வேறு, மொத்த நைட்ரஜனுக்கான வரம்பு வேறு. இரண்டாவது அதிகம். அந்த இடைவெளியை மூட்டை உரத்தால் நிரப்பச் சட்டம் அனுமதிக்கிறது. விலக்கு பெற்ற பண்ணைகளுக்கு அடியிலிருக்கும் நீர் மற்ற பண்ணைகளைவிட மோசமாக இல்லை என்று இங்குள்ள அரசின் கண்காணிப்புக் கணக்குகளே காட்டியிருக்கின்றன, ஏனென்றால் அங்கே புல் அதிகம். எனவே ‘விலக்கை நீக்கு, தண்ணீர் சுத்தமாகிவிடும்’ என்று கைதட்டும் நகரத்துப் பசுமைக் கட்சிக்காரர்களுக்கும் நான் ஆள் இல்லை. விலக்கு போனதும் புல்வெளியை உழுது சோளம் போட்டால் ஒழுக்கு அதிகமாகத்தான் செய்யும்.

ஆனால் அவரிடம் நான் வேறொன்று கேட்டேன். மாட்டுக்கு அடர்தீவனம் எங்கிருந்து வருகிறது? கூட்டுறவு லாரியில். லாரிக்கு எங்கிருந்து? ஆலை. ஆலைக்குச் சோயா எங்கிருந்து? ராட்டர்டாம் துறைமுகம். அதற்கு முன்னால்? அவர் சிரித்துவிட்டார். “கப்பல்.”

இதுதான் என் மொத்தக் கட்டுரையும். 250ஆ 170ஆ, பீச்சுவதா கீறி ஊற்றுவதா, சாணியா மூட்டையா என்று முப்பது வருஷமாக நடக்கும் சண்டையில் வசதியாக மறந்துபோகும் சாமான் அந்தக் கப்பல். பிரேசில் மண்ணின் சத்து சோயாவாகக் கப்பல் ஏறுகிறது, ராட்டர்டாமில் இறங்குகிறது, பிரபாண்டில் மாடும் பன்றியும் கோழியும் தின்கின்றன, பாலும் கறியும் இன்னொரு நாட்டுக்கு ஏற்றுமதி. சாணி மட்டும் இங்கேயே. அது தண்ணீரும் கனமும், ரொம்ப தூரம் கொண்டுபோகக் கட்டுப்படியாகாது. எனவே கிடைத்த புல்வெளியில் ஊற்ற வேண்டியிருக்கிறது. புல்லுக்குப் பசிக்கிறதென்று அந்த டேங்கர் வரவில்லை அம்மா. டேங்கருக்குப் போக்கிடம் இல்லை.

இந்த மண்ணே ஒரு காலத்தில் சாணிக்கு ஏங்கிய மண். ஐந்தோவன் பக்கத்தில் நூனன் என்று ஓர் ஊர். வான்கோ 1885இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ வரைந்தது அங்கேதான். அந்த உருளைக்கிழங்கை விளைவித்த மண்ணைப் பற்றி நம் கலை விமர்சகர்கள் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். சுற்றிலும் எதுவும் விளையாத மணல், புதர்க்காடு. பகலில் ஆடுகள் அந்தக் காட்டில் மேயும். ராத்திரி அவற்றைத் தாழ்வான தொழுவத்தில் அடைப்பார்கள். காட்டிலிருந்து மேல்புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளைத் தொழுவத்தில் பரப்புவார்கள், ஆட்டுப்புழுக்கையும் மூத்திரமும் அதில் ஊறும். வருஷத்துக்கு ஒருமுறை அதை வெட்டி ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன வயலில் போடுவார்கள். கிடை போடும் நம் ஆட்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். பல நூற்றாண்டுகள் இப்படிப் போட்டுப் போட்டு அந்த வயல்கள் அரை மீட்டர், சில இடங்களில் ஒரு மீட்டர் வரை உயர்ந்தன. இன்றும் மண்ணை வெட்டினால் அந்தக் கறுப்பு அடுக்கு தெரியும். ஒரு வண்டி எருவுக்கு எத்தனை ஏக்கர் காட்டை மேய்க்க வேண்டியிருந்தது என்பதை யோசித்தால், இப்போது ஒரு மத்தியானத்தில் மூன்று டேங்கர் ஊற்றுவது எவ்வளவு வினோதம் என்று புரியும். இடையில் மூட்டை உரமும், அதன்பின் துறைமுகத் தீவனமும் வந்தன. மணலுக்கும் மாட்டு எண்ணிக்கைக்கும் இருந்த முடிச்சு அறுந்தது. 1984இலேயே நாடு பயந்துபோய்ப் பன்றி, கோழிப் பண்ணைகளைக் கட்டுப்படுத்த அவசரச் சட்டம் போட்டது. அதே வருஷம் ஐரோப்பாவில் பாலுக்கு உற்பத்தி வரம்பு. 2015 ஏப்ரலில் அந்தப் பால் வரம்பை எடுத்தார்கள், மாடுகள் பெருகின, பாஸ்பேட் அளவு வரம்பைத் தாண்டியது, 2018இல் பாஸ்பேட் உரிமம் என்று இன்னொரு வரம்பைக் கொண்டுவந்தார்கள். கதவைத் திறப்பதும் வெள்ளம் வந்ததும் வாளியைத் தேடுவதும்.

ஒவ்வொரு முறையும் தொழில்நுட்பம் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இருந்தது, நானும் அந்த மதத்தில் பிறந்தவன்தான். அந்தக் கீறி ஊற்றும் கருவியையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் குழம்பை மேலே பீச்சியடிப்பார்கள். அமோனியா காற்றில் பறந்து காடுகளைக் கெடுத்தது. 1990களில் கீறி ஊற்றுவதைக் கட்டாயமாக்கினார்கள். காற்றுக்குப் போவது நன்றாகவே குறைந்தது. ஆனால் காற்றுக்குப் போகாத நைட்ரஜன் மண்ணில்தான் இருக்கும். போடும் அளவை அதற்கேற்பக் குறைக்காவிட்டால் அது தண்ணீருக்குப் போகும். எங்கள் ஆபீஸில் இதைத் தினமும் செய்வோம். ‘பிரச்சினை இப்போ அந்த டீமோட சர்வீஸில், நம்ம டிக்கெட்டை மூடிடு.’

எருலாரிகளில் ஜிபிஎஸ் இருக்கிறது. 2023 முதல் ஒவ்வொரு நடையையும் நடக்கும்போதே டிஜிட்டலாக அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். சாணிக்கு ரியல்டைம் டிராக்கிங் வைத்த நாடு. முதலில் கேட்டபோது சிரித்தேன், பிறகு காரணம் தெரிந்தது. 2017 நவம்பரில் என்ஆர்சி நாளிதழ் இங்கே எரு வியாபாரத்தில் நடந்த மோசடியைப் பக்கம் பக்கமாக வெளியிட்டது. காகிதத்தில் மட்டும் பயணம் போன எரு, வரம்பைத் தாண்டி ராவோடு ராவாக ஊற்றிய எரு. அது நடந்த இடம் பெரும்பாலும் இந்த பிரபாண்டும் பக்கத்து லிம்பர்கும்தான். காசு கொடுத்து ஒழிக்க வேண்டிய ஒரு பொருள் இருந்தால் அதைச் சுற்றி இப்படி ஒரு தொழில் முளைக்காமல் இருக்காது. லாரியை எவ்வளவு துல்லியமாகப் பின்தொடர்ந்தாலும் அந்த ஆசை போகாது.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: கட்டுப்பாடு வேலை செய்தது. 1990களின் தொடக்கத்தில் மணல் பகுதிப் பண்ணைகளுக்கு அடியில் இருந்த மேல்மட்ட நிலத்தடி நீரில் சராசரி நைட்ரேட் 100 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இப்போது அதில் பாதி அளவுக்கு வந்திருக்கிறது. என் குழாயில் வரும் தண்ணீர் உலகத்திலேயே நல்ல தண்ணீர்களில் ஒன்று, அதில்தான் என் மகளுக்குப் பால் பவுடர் கரைத்தோம். யாரையும் பயமுறுத்த நான் வரவில்லை. ஆனால் அது எப்படி நல்ல தண்ணீராக இருக்கிறது என்று கேளுங்கள். இந்த நாட்டின் குடிநீரில் பாதிக்கு மேல் நிலத்தடியிலிருந்து எடுப்பது. நைட்ரேட் ஏறினால் ஆழமான கிணற்றுக்குப் போவார்கள், நல்ல கிணற்றுத் தண்ணீரோடு கலப்பார்கள், கெட்ட கிணற்றை மூடுவார்கள். அந்தச் செலவு தண்ணீர் பில்லில் வரும். பால் பாட்டில் விலையில் வராது.

இதில் எனக்குத் தூக்கம் கெடுக்கும் விஷயம் நேரம். நான் வேலையில் பார்க்கும் டாஷ்போர்டில் தாமதம் மில்லிசெகண்டில் இருக்கும். நிலத்தடி நீரில் தாமதம் பத்தாண்டுகளில். பிரபாண்டின் மணலில் மழைநீர் மெல்லத்தான் இறங்குகிறது. இருபது மீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீரின் வயதை அளந்திருக்கிறார்கள், அது பல பத்தாண்டுகள் பழையது. அதாவது நான் ஐந்தாம் வகுப்பில் ஈரோட்டுப் பக்கம் டவுசரோடு திரிந்த காலத்தில் இங்கே யாரோ ஊற்றிய சாணி இப்போது கிணற்றுக்கு வந்துகொண்டிருக்கிறது. அம்மா பார்த்த மூன்று டேங்கரில் ஒழுகியது என் மகள் வேலைக்குப் போகும்போது வரும். இன்று ரிசல்ட் பச்சையாக இருக்கிறதென்று சொல்பவர் எந்த வருஷத்து ரிசல்ட்டைப் படிக்கிறார் என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று. ஆழத்தில் நைட்ரேட் காணாமல் போவதைக் காட்டி ‘இயற்கை தானே சுத்தம் செய்துகொள்கிறது’ என்பார்கள். மண்ணுக்கு அடியில் பல இடங்களில் பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் இருக்கிறது. நைட்ரேட் அதோடு வினைபுரிந்து வாயுவாகிவிடும், உண்மை. பதிலுக்குச் சல்பேட் உருவாகும், தண்ணீர் கடினமாகும், பைரைட்டுக்குள் சிக்கியிருந்த நிக்கல், ஆர்சனிக் எல்லாம் கரைந்து வெளியே வரும். நைட்ரேட் மீட்டர் பூஜ்யம் காட்டும்போது நிக்கல் மீட்டர் ஏறும். அந்தப் பைரைட் புவியியல் காலத்தில் உருவானது, தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

50 என்ற எண்ணும் தெய்வ வாக்கு இல்லை. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹண்டர் காம்லி என்ற மருத்துவர், கிணற்றுத் தண்ணீரில் கரைத்த பால் குடித்த கைக்குழந்தைகள் நீலம் பாரிப்பதைக் கவனித்து எழுதினார். நைட்ரேட் நைட்ரைட்டாகி, ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. அந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற வைத்த எண்தான் 50. நீண்டகாலம் குறைந்த அளவில் குடிக்கும் பெரியவர்களை மனதில் வைத்து அது உருவாகவில்லை. 2018இல் டென்மார்க்கில் 27 லட்சம் பேரின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வில், லிட்டருக்கு 4 மில்லிகிராமை ஒட்டிய அளவிலிருந்தே பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சற்றே கூடுவதாகத் தெரிந்தது. அது புள்ளிவிவரத் தொடர்பு, நிரூபணம் இல்லை. ஆனாலும் ‘50க்குக் கீழேதானே’ என்று இனி என்னால் நிம்மதியாகச் சொல்ல முடியாது.

இப்போது நம்மாட்கள். 2022இல் டச்சு விவசாயிகள் டிராக்டரோடு ரோட்டை மறித்தபோது அந்த வீடியோக்களை நம் குழுக்களில் இலங்கையோடு சேர்த்துப் பகிர்ந்தார்கள். இரண்டு இடத்திலும் விவசாயியை அழிக்கும் ஒரே சதியாம். இலங்கையில் 2021இல் ஒரே நாளில் ரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள், பயிருக்கு நைட்ரஜன் இல்லாமல் போயிற்று, ஏழு மாதத்துக்குள் பின்வாங்கினார்கள். அங்கே பிரச்சினை இல்லாமை. இங்கே பிரச்சினை வழிந்தோடும் அளவுக்கு இருப்பது. பட்டினி கிடப்பவனையும் வயிறு வெடிக்கத் தின்றவனையும் ஒரே வார்டில் போட்டு ஒரே மாத்திரை கொடுக்கிற ஆட்களிடம் என்ன பேசுவது? ‘இயற்கை’ என்ற சொல்லால் யோசிக்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். கிலோவில் யோசித்தால் மட்டுமே பிரியும்.

காங்கேயம் பக்கம் அம்மா பிறந்த ஊரில் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலி, நடுவே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப்புல். மாடு உள்ளே மேயும், உள்ளேயே சாணி போடும். அங்கே யாரும் புல்லுக்கு எரு அடிப்பதில்லை. புல் கொடுத்ததைவிட அதிகமாகப் புல்லுக்குத் திரும்ப வர வழியே கிடையாது. அம்மாவின் ‘வெறும் புல்லுதானே’ அங்கிருந்து வந்தது. அந்த மாடு கறக்கும் பாலை வைத்து ஒரு நகரத்துக்குக் காபி போட முடியாது என்பதும் எனக்குத் தெரியும், கொறங்காட்டுக்குத் திரும்புவோம் என்று கோஷம் போடவில்லை. ஆனால் அதே கொங்கு மண்ணில் இப்போது பல்லடத்தில் கறிக்கோழியும் நாமக்கல்லில் முட்டைக்கோழியும் வெளிமாநிலச் சோளத்தையும் சோயாவையும் தின்கின்றன. கலப்பின மாடுகள் மூட்டைத் தீவனம் தின்கின்றன. கப்பலுக்குப் பதில் லாரி. கோழி எரு ‘ஆர்கானிக்’ என்ற பெயரில் காட்டுக்குப் போகிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024 அறிக்கையில் நாடு முழுக்க எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் நைட்ரேட் நம் வரம்பான 45 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. மோசமான மாநிலங்கள் வரிசையில் ராஜஸ்தான், கர்நாடகத்தோடு தமிழ்நாடும் இருக்கிறது. நம் கிணறுகளில் இருப்பது யூரியா மூட்டையும் சாக்கடையும் கால்நடைக் கழிவும் கலந்த நைட்ரேட். எது எவ்வளவு என்று பிரிக்க ஐசோடோப் ஆய்வு வேண்டும். அதுவரைக்கும் பழியை மூட்டைமேல் மட்டும் போட்டுவிட்டுச் சாணிக்கு ஆரத்தி எடுப்பது சோம்பேறித்தனம்.

பண்ணைக்காரர் போன மாதம் இருபது மாடுகளை விற்றுவிட்டார். வருத்தமாகத்தான் சொன்னார், நானும் வருத்தமாகத்தான் கேட்டேன். பால் மெஷின் இன்னும் ஓடுகிறது.

அம்மா ஊருக்குத் திரும்பும்போது ஒன்று கேட்டுக்கொண்டேன். எங்கள் கிணற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்து, மாவட்டத்தில் இருக்கும் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து நைட்ரேட் பார்க்கச் சொல்லுங்கள் என்று. “நம்ம கெணத்துக்கு என்ன கண்ணு வந்துது, நாப்பது வருசமா குடிக்கறோம்” என்றார். ஆனாலும் தண்ணீரைப் பிடித்துவிட்டாராம். பாட்டில் மூன்று வாரமாகப் பிரிட்ஜ் மேலேயே இருக்கிறது, டவுனுக்குப் போகிறவர் யாரும் இன்னும் சிக்கவில்லை என்று நேற்று போனில் சொன்னார். ரொம்ப நாள் வைத்திருந்த தண்ணீரில் அளவு மாறிவிடும், கொட்டிவிட்டுப் புதிதாகப் பிடித்து அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.